வெட்டுவதா, விடுவதா?

பிள்ளைகளே, கோலா சிலாங்கூர் கடைத்தெருவில் எந்த மளிகைக் கடைக்குப் போனாலும் சின்னப் பொட்டலத்தில் ஈஸ்ட் கிடைக்கும். பாவ் மாவு, ரொட்டி மாவு, சில வீடுகளில் அப்ப மாவு எல்லாவற்றிலும் சேர்ப்பது அதைத்தான். பிரித்துப் பார்த்தால் பழுப்பு நிறத்தில் நுண்ணிய மணிகள் மட்டுமே தெரியும். ஒவ்வொரு மணிக்குள்ளும் எண்ண முடியாத அளவு உயிர்கள் உறங்கிக் கிடக்கின்றன. ஓர் ஈஸ்ட் செல்லின் அகலம் ஒரு மில்லிமீட்டரில் ஏறக்குறைய இருநூறில் ஒரு பங்கு. வெதுவெதுப்பான தண்ணீரும் கொஞ்சம் சீனியும் கிடைத்தால் போதும், விழித்துக்கொள்ளும். சீனியைத் தின்று கரியமில வாயுவை வெளியே விடும். மாவு உப்பும்.

இதுவரை உங்கள் அம்மாவுக்கும் பாட்டிக்கும் தெரிந்த கதைதான். அந்த மாவுக்குள் கண்ணுக்குத் தெரியாமல் இன்னொரு வேலையும் நடக்கிறது. சாப்பாடு இருக்கிறதா, தீர்ந்துவிட்டதா, பெருகலாமா, அடங்கிக் கிடக்கலாமா என்று ஈஸ்ட் ஓயாமல் முடிவெடுத்துக்கொண்டே இருக்கிறது. அதற்கு மூளை கிடையாது, நரம்பும் கிடையாது. அந்த முடிவுகளில் சிலவற்றை அது ஒரு நகலை வெட்டி ஒட்டுவதன் மூலமோ, வெட்டாமல் விட்டுவிடுவதன் மூலமோ எடுக்கிறது. இதே வெட்டி ஒட்டும் வேலை பிசகியதால் செம்பனை மரங்களில் ஒரு குறை வந்து, நம் நாட்டு விஞ்ஞானிகளைப் பல ஆண்டுகள் திணறடித்தது. அந்தக் கதையைப் புரிந்துகொள்ள ஈஸ்டிடம் முதலில் பாடம் கேட்க வேண்டும்.

ஈஸ்ட் செல்லுக்குள் உட்கரு இருக்கிறது. உட்கருவுக்குள் டி.என்.ஏ இருக்கிறது. ஏ, டி, ஜி, சி என்ற நான்கே எழுத்துகள் மாறி மாறி வரும் மிக நீண்ட வரிசை அது. 1996ஆம் ஆண்டில் பல நாட்டு விஞ்ஞானிகள் சேர்ந்து ஈஸ்டின் டி.என்.ஏ முழுவதையும் எழுத்தெழுத்தாகப் படித்து முடித்தார்கள். உட்கரு உள்ள உயிர்களில் முதன்முதலாக முழுதும் படிக்கப்பட்டது இந்த ஈஸ்ட்தான். 16 குரோமோசோம்கள், சுமார் 12 மில்லியன் எழுத்துகள், ஏறத்தாழ 6,000 மரபணுக்கள். ஒரு புரதத்தை எப்படிச் செய்வது என்ற குறிப்பு ஒரு மரபணுவில் இருக்கும். ஆனால் புரதம் செய்யப்படும் இடம் உட்கருவுக்கு வெளியே இருக்கிறது. அங்கே ரைபோசோம்கள் அந்த வேலையைப் பார்க்கின்றன. டி.என்.ஏ உட்கருவை விட்டு வெளியே வராது. அதனால் தேவைப்படும் மரபணுவை மட்டும் ஆர்.என்.ஏ என்ற பொருளில் நகலெடுத்து வெளியே அனுப்புகிறது செல். இந்த நகலின் பெயர் தூது ஆர்.என்.ஏ. இதில் டி வர வேண்டிய இடத்தில் யு என்ற எழுத்து வரும். ரைபோசோம் அதை மூன்று மூன்று எழுத்தாகப் படித்துப் புரதத்தைக் கோத்துவிடும்.

மரபணுவில் உள்ளது அப்படியே நகலில் இருக்கும், நகலில் உள்ளது அப்படியே புரதமாகும் என்றுதான் எல்லாரும் நினைத்திருந்தார்கள். 1977இல் அந்த எண்ணம் உடைந்தது. அமெரிக்காவில் மசாசுசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பிலிப் ஷார்ப் என்பவரின் குழுவும், கோல்டு ஸ்பிரிங் ஹார்பர் ஆய்வுக்கூடத்தில் ரிச்சர்ட் ராபர்ட்ஸ் என்பவரின் குழுவும் சளியை உண்டாக்கும் அடினோவைரஸை ஆராய்ந்தன. மரபணுவையும் அதன் தூதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது இரண்டும் முழுதாகப் பொருந்தவில்லை. மரபணுவில் இருந்த சில பகுதிகள் தூதில் காணாமல் போயிருந்தன. நகலெடுத்த பிறகு யாரோ நடுநடுவே வெட்டி எடுத்து, மிச்சத்தை ஒட்டியிருந்தார்கள். இதற்காக இருவருக்கும் 1993இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது.

இந்த வாக்கியத்தைப் படித்துப் பாருங்கள்:

அம்மா அப்பம் கிகுகிகுமுமுலலலல சுட்டார்.

நடுவில் இருக்கும் கிகுகிகுமுமுலலலல என்பதை நீக்கி, இரண்டு பக்கத்தையும் சேர்த்தால் பொருள் வந்துவிடும். செல்லும் இதைத்தான் செய்கிறது. நீக்கப்படும் பகுதிக்கு இன்ட்ரான் என்று பெயர். சேர்க்கப்படும் பகுதிகளுக்கு எக்ஸான் என்று பெயர். ஒரே ஓர் எழுத்து தள்ளி வெட்டினால் என்ன ஆகும்? அம்மா அப்பம் லசுட்டார் என்று வரும். நாம் சிரித்துவிட்டு ஊகித்துப் படித்துக்கொள்வோம். ரைபோசோமுக்கு ஊகிக்கத் தெரியாது. அது மூன்று மூன்று எழுத்தாகவே படிக்கும். ஓர் எழுத்து கூடிவிட்டால் அதற்குப் பின்னால் வரும் எல்லா மூன்றெழுத்தும் மாறிவிடும், புரதம் கெட்டுவிடும்.

அப்படியானால் எங்கே வெட்ட வேண்டும் என்று செல்லுக்கு எப்படித் தெரியும்? இன்ட்ரானுக்குள்ளேயே அடையாளங்கள் எழுதப்பட்டிருக்கின்றன. ஈஸ்டின் இன்ட்ரான் பெரும்பாலும் ஜி-யு-ஏ-யு-ஜி-யு என்று தொடங்கும். முடிவதற்குக் கொஞ்சம் முன்னால் யு-ஏ-சி-யு-ஏ-ஏ-சி என்ற ஏழெழுத்து வரும். கடைசி இரண்டு எழுத்து ஏ-ஜி. மனிதனின் இன்ட்ரான்களில் இந்த அடையாளங்கள் பலவிதமாக மாறி வரும். ஈஸ்டில் அவை பெரும்பாலும் பிசகாமல் இருக்கும். இதனால்தான் இந்தத் துறையில் ஈஸ்ட் அத்தனை பேருக்கு ஆசானாக இருந்தது.

வெட்டி ஒட்டும் பெரிய கூட்டுக்கு ஸ்ப்ளைசோசோம் என்று பெயர். அதில் யு1, யு2, யு4, யு5, யு6 என்று ஐந்து சிறிய ஆர்.என்.ஏக்களும், ஏறக்குறைய நூறு புரதங்களும் இருக்கின்றன. யு3 எங்கே என்று கேட்கும் பிள்ளை இருந்தால் அந்தப் பிள்ளையைப் பாராட்டுகிறேன். யு3 உண்டு, ஆனால் அது ரைபோசோம் தயாரிக்கும் வேலையில் இருக்கிறது. மற்ற ஐந்தும் ஒரே நேரத்தில் வந்து சேர்வதில்லை. முதலில் யு1 வந்து இன்ட்ரானின் தொடக்க அடையாளத்தில் உட்காரும். பிறகு யு2 வந்து அந்த ஏழெழுத்தைப் பிடித்துக்கொள்ளும். மற்றவை அப்புறம் வரும். எல்லாம் கூடிய பிறகு இன்ட்ரானின் முன்முனை வெட்டப்படுகிறது. வெட்டுப்பட்ட முனை வளைந்துபோய், ஏழெழுத்தில் ஆறாவதாக நிற்கும் ஏ-யுடன் ஒட்டிக்கொள்கிறது. அடுத்துப் பின்முனை வெட்டப்படுகிறது, இரண்டு எக்ஸான்களும் சேர்கின்றன, இன்ட்ரான் கழன்று விழுகிறது. வழக்கமாக அது சீக்கிரமே அழிக்கப்பட்டுவிடும்.

இந்தப் படிகளை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு படியிலும் வேலையை நிறுத்த இடமிருக்கிறது. ஈஸ்ட் அதைத்தான் பயன்படுத்திக்கொள்கிறது.

முதலில் ஒரு புதிர். மனித மரபணு ஒன்றில் சராசரியாக எட்டு இன்ட்ரான்கள் இருக்கும். ஈஸ்டிலோ 6,000 மரபணுக்களுக்கும் சேர்த்து மொத்தமே சுமார் 300 இன்ட்ரான்கள்தான். நீண்ட காலத்தில் மீதி எல்லாவற்றையும் அது தொலைத்துவிட்டது. இந்த 300ஐ மட்டும் ஏன் விடாமல் வைத்திருக்கிறது? முன்னூறு வெட்டுகளுக்காக நூறு புரதம் கொண்ட கூட்டு ஒன்றைக் காப்பாற்றிக்கொண்டிருப்பது பெருஞ்செலவு ஆயிற்றே!

அந்த இன்ட்ரான்கள் எங்கே இருக்கின்றன என்று பார்த்தால் விடையின் ஒரு நுனி கிடைக்கும். ரைபோசோமைக் கட்டும் புரதங்களுக்கு ஈஸ்டில் 137 மரபணுக்கள் உண்டு. அவற்றில் நூறு வரை இன்ட்ரான் உள்ளவை. நியூயார்க்கில் ஆல்பர்ட் ஐன்ஸ்டைன் மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த ஜொனதன் வார்னர் தம் வாழ்நாளின் பெரும்பகுதியை ஈஸ்டின் ரைபோசோமுக்கே கொடுத்தவர். அவர் 1999இல் போட்ட கணக்கு இது: வேகமாக வளரும் ஓர் ஈஸ்ட் செல் நிமிடத்துக்குச் சுமார் 2,000 ரைபோசோம்களைச் செய்கிறது, செல்லில் நடக்கும் வெட்டி ஒட்டும் வேலையில் சுமார் 90 விழுக்காடு ரைபோசோம் புரதங்களுக்காகவே நடக்கிறது. சாப்பாடு இருந்தால் ரைபோசோம் நிறைய வேண்டும். சாப்பாடு தீர்ந்தால் அதற்குச் செலவழிப்பதை உடனே நிறுத்த வேண்டும். வெட்டி ஒட்டும் வேலையை நிறுத்தினால் அந்தச் செலவு பெருமளவு நின்றுவிடும்.

இப்போது தனித்தனி உதாரணங்களுக்குப் போவோம். எனக்கு மிகவும் பிடித்தது எல்30 என்ற புரதத்தின் கதை. இதுவும் ரைபோசோமில் போய்ச் சேர வேண்டிய புரதம்தான். ரைபோசோமுக்குள் ஆர்.என்.ஏவில் ஓரிடத்தில் ஒரு வளைவு இருக்கிறது, எல்30 அந்த வளைவைப் பிடித்துக்கொண்டு உட்காரும். அதே வடிவத்தில் ஒரு வளைவு எல்30இன் சொந்த நகலிலும், சரியாக இன்ட்ரான் தொடங்கும் இடத்தில் இருக்கிறது! ரைபோசோம்களுக்குத் தேவையான அளவு எல்30 இருக்கும்வரை எல்லாம் அங்கே போய்விடும். அளவுக்கு மிஞ்சிச் செய்துவிட்டால், போக இடமில்லாத எல்30 தன்னுடைய நகலின் மேலேயே வந்து உட்கார்ந்துகொள்கிறது. யு1 வரலாம். ஆனால் அடுத்து வர வேண்டிய யு2 வந்து பிடிக்க முடியாது. வேலை பாதியில் நின்றுவிடும். வெட்டப்படாத நகலிலிருந்து எல்30 புரதம் வராது. அளவு குறைந்ததும் நகல் விடுபடும், வேலை மறுபடி தொடங்கும். அளவு பார்க்கவும் நிறுத்தவும் வேறு ஆள் தேவைப்படவில்லை. வார்னரும் அவருடன் இருந்தவர்களும் இதைப் படிப்படியாகக் கண்டுபிடித்தார்கள்.

இரண்டாவது கதை பட்டினிக் கதை. நைட்ரஜன் தரும் உணவு தீர்ந்து, நல்ல சீனியும் இல்லாமல் போனால் ஈஸ்ட் மொட்டுவிட்டுப் பெருகுவதை நிறுத்திவிடும். தன் டி.என்.ஏவைப் பங்கு பிரித்து நான்கு வித்துகளாக மாறி, காலம் நன்றாகும்வரை காத்திருக்கும். இப்படிப் பிரிப்பதற்கு மெர்2 என்ற மரபணு வேண்டும். வேடிக்கை என்னவென்றால், சாப்பாடு நிறைந்திருக்கும் காலத்திலும் மெர்2இன் நகல் எடுக்கப்பட்டுக்கொண்டுதான் இருக்கிறது. ஆனால் அதன் இன்ட்ரான் சரியாக வெட்டப்படுவதில்லை. காரணம், அதன் தொடக்க அடையாளத்தில் எழுத்துகள் வழக்கத்திலிருந்து மாறியிருக்கின்றன. யு1ஆல் அதைச் சரியாகப் பிடிக்க முடியவில்லை. பட்டினி வந்து, வித்தாக மாறும் நேரம் வந்ததும் மெர்1 என்ற இன்னொரு புரதம் உருவாகிறது. யு1உடன் சேர்ந்திருக்கும் நாம்8 என்ற புரதத்தோடு இணைந்து, மெர்2 நகலை யு1 பிடித்துக்கொள்ள அது உதவுகிறது. வெட்டு விழுகிறது, மெர்2 புரதம் வருகிறது. 1991இல் யேல் பல்கலைக்கழகத்தில் ஷெர்லீன் ரோடரின் ஆய்வுக்கூடம் இதை அறிவித்தது. அந்த அடையாளம் பிழையாக இருப்பது ஈஸ்டுக்கு நல்லது என்றே சொல்வேன். அது சரியாக இருந்திருந்தால் மெர்2 எந்த நேரமும் வந்துகொண்டிருக்கும்.

இவை ஒவ்வொரு மரபணுவுக்கும் உரிய தனிக் கட்டுப்பாடுகள். செல் முழுவதும் சேர்ந்து மாறுமா? கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சான் பிரான்சிஸ்கோ வளாகத்தில் கிறிஸ்டீன் கத்ரி, ஜெஃப்ரி பிளைஸ் ஆகியோரின் குழு 2007இல் இதைச் சோதித்தது. ஈஸ்டுக்கு அமினோ அமிலம் கிடைக்காமல் செய்தார்கள். புரதம் கட்டும் மூலப்பொருள் அமினோ அமிலம்தான். சில நிமிடங்களுக்குள் ரைபோசோம் புரத மரபணுக்களில் பெரும்பாலானவற்றின் நகல்கள் வெட்டப்படாமல் தேங்கத் தொடங்கின. அடுத்ததாக வேறு ஈஸ்டை எடுத்து அதிக ஆல்கஹால் கலந்த நீரில் போட்டார்கள். ஆல்கஹால் ஈஸ்ட் தானே உண்டாக்கும் பொருள், ஆனால் அளவு மிஞ்சினால் ஈஸ்டுக்கே நஞ்சு. அப்போது தேங்கியவை வேறு நகல்கள். சிலவற்றில் வெட்டு முன்பைவிட நன்றாகவே நடந்தது. ஆக, துன்பம் எதுவென்பதைப் பொறுத்து எந்த நகலில் வேலையை நிறுத்துவது என்று ஈஸ்ட் மாற்றிக்கொள்கிறது. அடுக்களையில் மாவு புளிக்கும்போதும் ஈஸ்ட் இந்த இரண்டையும் கொஞ்சம் கொஞ்சமாகச் சந்திக்கிறது: சாப்பாடு குறைகிறது, ஆல்கஹால் கூடுகிறது.

முழுக்க வேறு விதமான வெட்டு ஒன்றும் ஈஸ்டிடம் உண்டு. ஹாக்1 என்ற நகலை ஸ்ப்ளைசோசோம் தொடுவதே இல்லை. புரதங்கள் சரியாக மடியாமல் குவியும்போது ஐர்1 என்ற புரதம் அதை உட்கருவுக்கு வெளியே வெட்டுகிறது, வேறொரு புரதம் ஒட்டுகிறது. பீட்டர் வால்ட்டரும் ஜப்பானியரான கசுடோஷி மோரியும் இதில் பெயர் பெற்றவர்கள். அதற்கே தனிக் கட்டுரை வேண்டும் என்பதால் இத்தோடு விடுகிறேன்.

வெட்டி வீசப்படும் இன்ட்ரான்களைப் பற்றி ஒரு கேள்வி மிச்சமிருக்கிறது. அவை வெறும் குப்பையா? 2019 ஜனவரியில் நேச்சர் இதழில் இரண்டு ஆய்வுகள் ஒன்றாக வந்தன. ஒன்று கனடாவின் ஷெர்புரூக் பல்கலைக்கழகத்தில் ஷெரிஃப் அபு எலேலாவின் குழு செய்தது. அவர்கள் ஈஸ்டின் இன்ட்ரான்களை ஒவ்வொன்றாக நீக்கி, ஓர் இன்ட்ரான் மட்டும் குறைந்த ஈஸ்ட் வகைகளை உருவாக்கினார்கள். மரபணுவின் மீதிப் பகுதி அப்படியே இருந்தது. இந்த ஈஸ்டையும் சாதாரண ஈஸ்டையும் ஒரே குடுவையில் போட்டு வளர்த்தார்கள். சாப்பாடு இருந்தவரை பெரிய வித்தியாசம் இல்லை. சாப்பாடு தீர்ந்த பிறகு பெரும்பாலான இன்ட்ரான்களைப் பொறுத்தவரை இன்ட்ரான் இருந்த ஈஸ்டே தாக்குப்பிடித்தது, இல்லாதது தோற்றது. மற்றொன்று அமெரிக்காவில் டேவிட் பார்டெல், ஜெரால்ட் ஃபிங்க் ஆகியோரின் ஆய்வு. ஈஸ்ட் நெருக்கடியில் இருக்கும்போது 30க்கும் மேற்பட்ட இன்ட்ரான்கள் வெட்டப்பட்ட பிறகும் அழியாமல் செல்லுக்குள் சேர்ந்து நிற்பதை அவர்கள் கண்டார்கள். உணவு நிலையை உணரும் டோர் என்ற அமைப்போடு இதற்குத் தொடர்பு இருப்பதையும் இரண்டு குழுக்களும் காட்டின. உணவு இல்லாத காலத்தில் வளர்ச்சியை அடக்கிவைக்க இன்ட்ரான்கள் உதவுகின்றன. குப்பை என்று பல பேர் நினைத்த துண்டு பட்டினியில் உயிர் காக்கிறது! ஈஸ்டைப் பற்றி நான் படித்தவற்றில் என்னை இந்த அளவு வியக்கவைத்தது வேறில்லை.

இனி நம் ஊருக்கு வருவோம். கோலா சிலாங்கூர் மாவட்டத்தில் பெஸ்தாரி ஜெயா பக்கம் தென்னமரம் தோட்டம் இருக்கிறது. முன்பு அந்த ஊரைப் பத்தாங் பெர்ஜுந்தை என்பார்கள், பெரியவர்கள் இன்னும் அப்படியே சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். ஹென்றி ஃபோக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர் 1917இல் அங்கேதான் செம்பனையைப் பயிராக நட்டார். மலேசியாவில் விற்பனைக்காகச் செம்பனை பயிரிட்ட முதல் தோட்டம் அதுதான். மேற்கு ஆப்பிரிக்காவைச் சேர்ந்த அந்த மரம் இன்று ஈஜோக், புக்கிட் ரோத்தான், பெஸ்தாரி ஜெயா என்று சாலையின் இருபக்கமும் நிற்கிறது. உங்களில் பலரின் தாத்தா பாட்டி பால்மரம் சீவியவர்கள், பிறகு குலை வெட்டியவர்கள், பழம் பொறுக்கியவர்கள்.

ஒரு தோப்பில் எல்லா மரமும் ஒரே அளவு காய்ப்பதில்லை. சில மரங்கள் அதிக எண்ணெய் தரும். அந்த மரத்தைப் போலவே ஆயிரம் மரம் வேண்டுமென்றால் என்ன செய்வது? விதை போட்டால் பிள்ளை மரம் தாயைப் போலவே இருக்காது. வாழைக்குப் பக்கக்கன்று உண்டு, செம்பருத்தியைக் கிளை ஒடித்து நடலாம். செம்பனைக்குக் கன்றும் இல்லை, கிளையும் இல்லை, உச்சியில் ஒரே ஒரு குருத்து மட்டும்தான். ஆகவே 1970களில் விஞ்ஞானிகள் இளங்குருத்திலிருந்து சிறு துண்டை எடுத்துக் கண்ணாடிக் குடுவையில் சத்துக் கூழில் வளர்த்து, ஒரே மரத்திலிருந்து ஏராளமான நாற்றுகளை உண்டாக்கினார்கள். இதற்குத் திசு வளர்ப்பு என்று பெயர். நாற்றுகள் அழகாக வளர்ந்தன. நட்டார்கள், உரம் போட்டார்கள், சில ஆண்டுகள் காத்திருந்தார்கள். பூத்துக் காய்த்தபோது சில மரங்களில் பழம் கோணல்மாணலாக வந்தது. பழத்தைச் சுற்றி விரல் விரலாகச் சதை முளைத்திருந்தது. மோசமான மரங்களில் குலை பழுக்காமலே அழுகியது. எண்ணெய் இல்லை. 1986இல் இந்தக் குறையைப் பற்றி விஞ்ஞானிகள் விளக்கமாக எழுதினார்கள். ஆங்கிலத்தில் இதை மேன்டில்ட் என்று அழைத்தார்கள். இந்தப் பயத்தால் திசு வளர்ப்புச் செம்பனைத் திட்டங்கள் பெரும்பாலும் முடங்கிப்போயின.

புதிராக இருந்தது எது தெரியுமா? நல்ல மரத்தின் டி.என்.ஏவும் கெட்ட மரத்தின் டி.என்.ஏவும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாகவே இருந்தன. இரண்டும் ஒரே தாயின் துண்டுகளிலிருந்து வந்தவை ஆயிற்றே! எழுத்து மாறாமல் பழம் எப்படி மாறும்?

விடை 2015 செப்டம்பரில் நேச்சர் இதழில் வெளிவந்தது. சிலாங்கூரின் பாங்கியில் இருக்கும் மலேசியச் செம்பனை எண்ணெய் வாரியத்தின் விஞ்ஞானிகள் அதைக் கண்டுபிடித்தார்கள். மெய்லினா ஓங் அப்துல்லா, ராஜிந்தர் சிங், ரவிகாதேவி சம்பந்தமூர்த்தி ஆகியோர் அந்தக் குழுவில் இருந்தார்கள். அமெரிக்காவிலிருந்து ராபர்ட் மார்ட்டியன்சன் கூட்டுச் சேர்ந்தார். அவர் இருப்பது கோல்டு ஸ்பிரிங் ஹார்பரில். 1977இல் ராபர்ட்ஸ் இன்ட்ரானைக் கண்ட அதே ஆய்வுக்கூடம்! தாவும் மரபணுக்களைக் கண்டுபிடித்த பார்பரா மெக்லின்டாக் அம்மையாரும் அங்கேதான் பல ஆண்டுகள் வேலை செய்தார்.

தாவும் மரபணு இந்தக் கதைக்கும் தேவைப்படுகிறது. டி.என்.ஏவில் ஓரிடத்திலிருந்து நகலெடுத்து இன்னோரிடத்தில் தன்னைச் செருகிக்கொள்ளும் துண்டுகள் உண்டு. அப்படி ஒன்றை ஜப்பானிய விஞ்ஞானிகள் நெல்லில் கண்டு அதற்குக் கர்மா என்று பெயர் வைத்திருந்தார்கள். அதற்கு உறவான ஒரு துண்டு செம்பனையில் டெஃபீசியன்ஸ் என்ற மரபணுவின் இன்ட்ரான் ஒன்றுக்குள் எப்போதோ புகுந்து உட்கார்ந்திருக்கிறது. பூவில் மகரந்தத்தாள்கள் சரியான இடத்தில் உருவாக டெஃபீசியன்ஸ் தேவை.

இன்ட்ரானுக்குள் இருக்கும்வரை கர்மாவால் தொல்லை இல்லை. இன்ட்ரான் வெட்டப்படும்போது அதுவும் சேர்ந்து போய்விடும். ஆனால் கர்மாவுக்குள் ஓரிடத்தில், இன்ட்ரான் இங்கே முடிகிறது என்று சொல்லும் அடையாளம் ஒன்று இருக்கிறது. அது பொய்யான அடையாளம். வெட்டி ஒட்டும் கூட்டு அதைப் பார்த்து ஏமாறாமல் இருக்க, நல்ல மரம் அந்த இடத்து டி.என்.ஏ எழுத்துகளின் மேல் மெத்தில் என்ற சிறு வேதிக்குறிகளை அடர்த்தியாகப் போட்டு வைத்திருக்கிறது. எழுத்து மாறுவதில்லை, எழுத்தின் மேல் குறி மட்டும் சேர்கிறது. ஈஸ்டிடம் இந்த மெத்தில் குறி கிடையாது. செடிகளிடமும் நம்மிடமும் உண்டு. கண்ணாடிக் குடுவைக்குள் வளரும்போது சில நாற்றுகளில் இந்தக் குறிகள் உதிர்ந்துவிடுகின்றன. அந்த மரங்களில் வெட்டு பொய்யான இடத்தில் விழுகிறது, கர்மாவின் ஒரு பகுதி நகலில் ஒட்டிக்கொள்கிறது, நகல் பாதியிலேயே முடிந்துவிடுகிறது. நீங்கள் மேலே பார்த்த லசுட்டாரை நினைத்துக்கொள்ளுங்கள். புரதம் குட்டையாகிவிடும். பூவில் மகரந்தத்தாள் வர வேண்டிய இடத்தில் சூலகத்தின் சதை வளரும். பழத்தைச் சுற்றி விரல் விரலாக நின்றது அதுதான். குறி அடர்த்தியாக இருப்பதற்கு நல்ல கர்மா என்றும், உதிர்ந்திருப்பதற்குக் கெட்ட கர்மா என்றும் விஞ்ஞானிகள் தங்கள் கட்டுரையிலேயே பெயர் வைத்தார்கள்.

சில மரங்கள் தாமாகவே திருந்தியதையும் அவர்கள் கண்டார்கள். முன்பு கெட்ட பழம் காய்த்த மரம் பிறகு நல்ல பழம் காய்த்தது. சோதித்துப் பார்த்தால் அங்கே மெத்தில் குறிகள் திரும்ப வந்திருந்தன. எழுத்தே மாறியிருந்தால் இப்படித் திரும்பியிருக்க முடியாது.

இதனால் தோட்டத்துக்கு என்ன பயன்? முன்பெல்லாம் நாற்று மரமாகிக் காய்த்த பிறகுதான் குறை தெரியும். நிலம், உரம், ஆட்களின் உழைப்பு எல்லாம் அதற்குள் செலவாகியிருக்கும். இப்போது நாற்றுப் பண்ணையிலேயே இலையில் ஒரு சிறு துண்டை எடுத்து, கர்மாவின் மேல் குறி இருக்கிறதா என்று பார்க்க முடியும். இல்லாத நாற்றை நடாமலே ஒதுக்கிவிடலாம். அதே நிலத்தில் அதிக எண்ணெய் கிடைத்தால் புதிதாகக் காட்டை அழிக்க வேண்டிய தேவை குறையும் என்று அந்த விஞ்ஞானிகள் எதிர்பார்க்கிறார்கள்.

தோட்டத்தில் வேலை செய்யும் பெரியவர்கள் யாராவது உங்கள் வீட்டில் இருந்தால், உதிர்ந்த செம்பனைப் பழம் ஒன்றைக் கொண்டுவரச் சொல்லி, அவர்களையே குறுக்கே வெட்டிக் காட்டச் சொல்லுங்கள். குலை வெட்டும் இடத்துக்கு நீங்கள் போகாதீர்கள், அரிவாளும் விழும் குலையும் ஆபத்தானவை. நல்ல பழத்தில் வெளியே ஆரஞ்சு நிறச் சதை, நடுவில் கறுத்த ஓடு, அதற்குள் வெள்ளைப் பருப்பு இருக்கும். கெட்ட கர்மா பழத்தைச் சுற்றிக் கூடுதலான சதை மடல்கள் ஒட்டிக்கொண்டிருக்கும், பல நேரம் உள்ளே பருப்பு இருக்காது. விதையில் முளைத்த மரங்களில் இப்படிப் பார்ப்பது மிக அரிது. திசு வளர்ப்பு மரங்கள் நட்ட இடமென்றால் வாய்ப்பு உண்டு. அப்படி ஒரு பழம் கிடைத்தால் எந்த வரிசையில் எந்த மரம் என்று குறித்துவைத்து மண்டோரிடம் சொல்லச் சொல்லுங்கள். அடுத்த ஆண்டு அதே மரம் எப்படிக் காய்க்கிறது என்று மறக்காமல் கேட்டுப் பாருங்கள்.